வழக்கொழிந்த சொல்லுக்கும் ஒரு குறி வேண்டும்: ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்போருக்குத் திறந்த மடல்

அன்புள்ள அகராதித் தொகுப்பாளர்களுக்கு,

அச்சு அகராதியைத் திருத்திப் புதுப்பிக்கிறவர்கள், இணைய அகரமுதலிகளில் பதிவு எழுதுகிறவர்கள், கைப்பேசிச் செயலிகளுக்குச் சொற்பட்டியல் கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இன்று எவரும் ஆளாத ஆங்கிலச் சொல்லை, ஆளும் சொல்லோடு ஒரே வரிசையில், ஒரே எழுத்தில், எந்தக் குறியும் இல்லாமல் வைக்காதீர்கள். அதை நீக்கிவிடவும் வேண்டாம். அது எந்தக் காலத்துச் சொல், எந்த இலக்கண வகை, அதன் இடத்தில் இன்று நிற்பது எது என்று சொல்லிவிட்டுப் பொருள் கொடுங்கள்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஃபாட்டிகேட். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து: எஃப், ஏ, டி, ஐ, ஜி, ஏ, டி, இ. களைத்த, சோர்ந்த என்று பெயரடையாகவும், களைக்கச் செய் என்று வினையாகவும் வழங்கிய சொல். இலத்தீன் ‘ஃபதீகாரே’ (களைப்பூட்டுதல்) என்ற வினையிலிருந்து நேராக எடுத்தது. இன்று செத்துவிட்ட சொல். ஆனால் ஷேக்ஸ்பியர் படிக்கும் எந்த மாணவரும் இதன்மேல் வந்து முட்டுவார். ‘கோரியலேனஸ்’ நாடகத்தின் இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில், தளபதி கொமினியஸ் மன்றத்தில் எழுந்து கோரியலேனஸின் போரைப் புகழும் இடம் அது. பகைவரின் நகருக்குள் தனியாளாய்ப் புகுந்து வென்றவன், வெளியே போரின் இரைச்சல் கேட்டதும் திரும்பவும் களத்துக்குப் போகிறான். அங்கே வருகிறது இந்த அடி: “ரீக்விக்கன்ட் வாட் இன் ஃபிளெஷ் வாஸ் ஃபாட்டிகேட்.” உடலில் சோர்ந்து கிடந்ததை, இரட்டித்த அவன் ஊக்கம் மறுபடி உயிர்ப்பித்தது என்பது பொருள்.

இந்த ஓர் அடியில் அகராதிக்காரர் சறுக்க மூன்று இடங்கள் இருக்கின்றன. ‘வாஸ் ஃபாட்டிகேட்’ என்பதில் ஃபாட்டிகேட்டை வினை என்று எடுத்தால் ‘களைப்பூட்டியது’ என்று பொருள் புரண்டுவிடும். களைத்தவன் களைக்க வைத்தவன் ஆகிவிடுவான். ‘ரீக்விக்கன்’ என்பதில் உள்ள ‘குவிக்’ இங்கே விரைவு அன்று, உயிர். அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதன் பழைய பொருள் தெரியாதவர் ‘விரைவுபடுத்தியது’ என்று எழுதிவிடுவார். மூன்றாவது, அச்சுப்பிழை என்று நினைத்து ‘ஃபட்டீக்ட்’ எனத் திருத்துவது. பத்து சிலபிள் கொண்ட அடி அது. கடைசியில் மூன்று சிலபிள் உள்ள சொல் இருந்தால்தான் ஓசை நிறையும். ஃபிளெஷ், ஃபாட்டிகேட் என்று மோனையும் விழுந்திருக்கிறது. கவிஞர் தெரிந்தே வைத்த சொல்.

இனி, அந்த ஈறு. ‘-ஏட்’ என முடியும் ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்தால் நூற்றுக்கணக்கான பதிவுகளைச் சரிபார்க்கலாம். எனவே இதைச் சற்று விரித்தே சொல்கிறோம். இலத்தீன் அகராதியில் ஒரு வினைக்கு நான்கு வடிவங்கள் தருவார்கள். நம் வினைக்கு அவை ஃபதீகோ, ஃபதீகாரே, ஃபதீகாவி, ஃபதீகாத்தும். முதலிரண்டும் நிகழ்கால அடி. நான்காவதிலிருந்துதான் ‘ஃபதீகாத்துஸ்’, அதாவது ‘களைத்துப்போன’ என்ற எச்சம் பிறக்கிறது. அதன் கடைசி ‘உஸ்’ஸை வெட்டிவிட்டு ஆங்கில ‘இ’ ஒன்றை ஒட்டினால் ஃபாட்டிகேட். ஆக, இது பிறக்கும்போதே செயப்பாட்டு எச்சம், பெயரடை. வினையாகவும் ஆண்டது அதற்கு மேலே ஏறிய வழக்கு. ஒரே இலத்தீன் வினை இரண்டு வடிவத்திலிருந்தும் ஆங்கிலத்துக்குள் வந்து இரண்டு சொல்லாக நிற்பதும் உண்டு. டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்லேட் இரண்டும் ஒரே வினை. ‘டிரான்ஸ்ஃபெர்ரே’ என்பதன் நிகழ்கால அடி ஒன்று, ‘டிரான்ஸ்லாத்தும்’ என்ற நான்காம் வடிவம் மற்றொன்று. ரெஃபர், ரிலேட் இணையும் அப்படியே. சொற்பிறப்பு எழுதும்போது இலத்தீன் வினையின் பெயரை மட்டும் போட்டு நிறுத்தாமல் எந்த வடிவம் என்பதையும் குறித்தால், இலக்கண வகை தானாகவே தெளியும்.

15, 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்த ‘-ஏட்’ எச்சங்களுக்கு ‘-எட்’ விகுதி தேவைப்படவில்லை. அவையே இறந்தகால எச்சமாக நின்றன. ஷேக்ஸ்பியரின் ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்தில் அட்ரியானா தன் உடலைப் பற்றிப் பேசும் இரண்டே அடியில், முதலடியில் ‘கான்சிக்ரேட்’ (அர்ப்பணிக்கப்பட்ட), அடுத்த அடியின் முடிவில் ‘கன்டாமினேட்’ (மாசுபடுத்தப்பட்ட) என வருகின்றன. இரண்டுமே வினை அல்ல. ‘ஐந்தாம் ஹென்றி’யில் ‘ஹார்ட்ஸ் கிரியேட் ஆஃப் டியூட்டி’ என்பது ‘கடமையால் ஆக்கப்பட்ட நெஞ்சங்கள்’. நமக்கு மிக அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் எழுதப்படும் சொத்துப் பத்திரங்களைப் பாருங்கள். மனை ‘சிச்சுவேட் அட்’ இன்ன ஊர் என்று இருக்கும், ‘சிச்சுவேட்டட்’ என்று இராது. அது பிழையன்று. சட்ட ஆங்கிலம் தூக்கிவந்த அதே பழைய எச்சம். ஃபாட்டிகேட்டின் உடன்பிறப்பு அது, அலுவலகத்தில் ஒதுங்கிப் பிழைத்துக்கொண்டது.

இத்தகைய சொற்கள் ஏன் வெள்ளமாக வந்தன என்பதையும் பதிவு எழுதுகிறவர் அறிந்திருக்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் இருந்த மருத்துவம், சட்டம், அரசியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார்கள். சொல் போதவில்லை. 1531இல் வெளியான ‘கவர்னர்’ நூலில் தாமஸ் எலியட் ஒரு வழி கையாண்டார். புதுச்சொல்லை வைத்ததும் ‘அல்லது’ என்று போட்டுப் பழைய சொல்லையும் பக்கத்திலேயே வைத்துவிடுவார். ‘டிவல்கேட் அல்லது வெளியிடு’, ‘எக்ஸ்பிளிகேட் அல்லது விரித்துரை’ என்ற பாங்கு. அகராதிக்காரருக்கு இந்த இணைகள் பொன். எழுதியவரே தம் காலத்துப் பொருளைக் கையில் கொடுத்துவிடுகிறார். பிற்காலத்தவர் ஊகித்த பொருளைவிட இதற்கே முதலிடம் தர வேண்டும். அந்த இரண்டில் எக்ஸ்பிளிகேட் இன்றும் உண்டு, டிவல்கேட் போய்விட்டது.

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. இச்சொற்களுக்கு ‘இங்க்ஹார்ன்’ சொற்கள், அதாவது மைக்கூட்டுச் சொற்கள் என்று பட்டப்பெயர். 1553இல் தாமஸ் வில்சன் தம் அணியிலக்கண நூலில், பதவி வேண்டி ஒருவர் எழுதியதாக ஒரு கேலிக் கடிதத்தையே புனைந்து போட்டார். அதில் ‘இன்ஜென்ட்’ (மிகப் பெரிய) போன்ற சொற்கள் மண்டிக் கிடக்கும். முன்பு கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராய் இருந்த ஜான் சீக், 1557இல், நம் மொழியைக் கலப்பின்றித் தூய்மையாக எழுத வேண்டும் என்று தாமஸ் ஹோபிக்கு எழுதினார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது ‘சென்சூரியன்’ என்பதை விட்டுவிட்டு ‘ஹண்ட்ரடர்’ (நூற்றுவர் தலைவர்) என்று ஆக்கியவர் அவர். 1601இல் பென் ஜான்சனின் ‘போயட்டாஸ்டர்’ நாடகத்தில் ஒரு கவிஞனுக்கு வாந்தி மாத்திரை கொடுத்து, அவன் விழுங்கிய சொற்களை மேடையிலேயே வாந்தியெடுக்க வைப்பார்கள்.

அந்த வாந்திப் பட்டியலை ஒவ்வோர் அகராதிக்காரரும் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும். அதில் டிஃபங்க்ட், ஸ்பூரியஸ், ஸ்ட்ரெனுவஸ், கான்ஷியஸ், ரெசிப்ரோக்கல் இருக்கின்றன. அவை இன்று செய்தித்தாள் ஆங்கிலம். கூடவே ஒப்லாட்ரன்ட், டர்ஜிடஸ், மேக்னிஃபிகேட் ஆகிய மூன்றும் அங்கே இருந்து, மூன்றுமே மறைந்தன. வில்சனின் கேலிக் கடிதத்திலும் ‘செலிப்ரேட்’, ‘எக்ஸ்டால்’, ‘டெக்ஸ்டெரிட்டி’ எல்லாம் கேலிக்கு ஆளானவையே. எனவே, ‘இலத்தீன் ஆடம்பரச் சொல், ஆகவே வழக்கில் இராது’ என்று தோற்றத்தை வைத்து முடிவு கட்ட இயலாது. ஒவ்வொரு சொல்லாகத்தான் பார்க்க வேண்டும்.

ஃபாட்டிகேட்டுக்கு நேர்ந்தது இது. வியரி, டயர் என்று சொந்தச் சொற்கள் முன்பே அன்றாடப் பேச்சில் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் அதே இலத்தீன் வினை பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ‘ஃபட்டீக்’ என்று இரண்டாம் முறை உள்ளே வந்தது. இது பெயராகவும் வினையாகவும் உருமாறாமல் நின்றது. ஃபாட்டிகேட்டோ பெயராக நிற்காது, ‘ஃபாட்டிகேஷன்’ என்று நீட்ட வேண்டும். இதற்கிடையில் ‘-எட்’ இல்லாத எச்சங்கள் பொதுவழக்கில் அருகின. பெயரடையாக இருந்த இடமும் போயிற்று. மேக்னிஃபிகேட்டை மேக்னிஃபை வென்றதும் இதே போக்கு. பிரெஞ்சு வடிவமே எப்போதும் வெல்லும் என்று விதி செய்துவிடவும் கூடாது. சாசர் காலத்தில் பிரெஞ்சு வழி வந்த ‘பார்ஃபிட்’ இருந்தது. அதைத் தள்ளிவிட்டு இலத்தீனைப் பார்த்துத் திருத்திய ‘பெர்ஃபெக்ட்’ நிலைத்தது.

தமிழ் படித்தவருக்கு இந்த இரட்டை வருகை புதிதன்று. வடமொழி ‘பக்ஷ’ பிராகிருத வழியாகப் ‘பக்கம்’ ஆகவும், நேராகப் ‘பட்சம்’ ஆகவும் வந்தது. நம்மிடம் இரண்டும் பொருளைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன. ‘ஆணை’யும் ‘ஆக்ஞை’யும் அதே உறவு. அங்கே ஆணை நிலைத்தது, ஆக்ஞை அருகியது. ஃபட்டீக்கும் ஃபாட்டிகேட்டும் இந்த இரண்டாம் வகை என்று ஒரு வரி எழுதினால், எந்தத் தமிழாசிரியரும் வகுப்பில் சொல்லிப் புரியவைத்துவிடுவார்.

வென்ற சொல் அதோடு நிற்கவில்லை. 1854இல் ஃபிரெடெரிக் பிரெய்த்வெயிட் லண்டன் பொறியாளர்கள் முன் வைத்த கட்டுரையின் தலைப்பிலேயே உலோகத்துக்கு ஃபட்டீக் வருகிறது. திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி இறக்கினால் இரும்பு முறியும் அந்த நிலைக்கு இன்றும் அதே பெயர்தான். படைவீரருக்குத் தரும் துப்புரவு, மண்வெட்டு வேலைகளும் ஃபட்டீக் எனப்பட்டன. இந்தப் பொருள்களில் ஒன்றுகூட ஃபாட்டிகேட்டுக்கு இல்லை. ‘ஃபட்டீக் என்பதைக் காண்க’ என்று கைகாட்டிவிட்டு நகர்ந்தால், படிப்பவர் பிற்காலப் பொருளை எல்லாம் பழைய சொல்லின் தலையில் ஏற்றிவிடுவார். கைகாட்டும்போது எந்தப் பொருளுக்கு என்று எண் போட்டுக் காட்டுங்கள். குடும்பத்தில் இலத்தீன் உருவம் அழியாமல் நின்றது ஒன்று, ‘இன்டிஃபாட்டிகபிள்’, சளைக்காத. பிரிட்டிஷ் கடற்படை பல கப்பல்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. 1916 ஜட்லாண்ட் போரில் மூழ்கியவற்றில் ஒன்று அது.

இனிப் பதிவு எழுதும் வேலை. முதலில் சான்று. இணையத்தில் மின்னாக்கம் செய்த பழைய நூல்களில் தேடினால் ஃபாட்டிகேட்டுக்கு நிறையக் கிடைக்கும், பாதியை நம்ப முடியாது. 1800க்கு முந்திய அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ நீண்ட வடிவில், ஏறத்தாழ ‘எஃப்’ போலவே இருக்கும். எழுத்துணரி மென்பொருள் அதை எஃப் என்றே படிக்கும். ‘சேஷியேட்’ (தெவிட்டச் செய்) என்ற சொல் அப்படிப் படிக்கப்பட்டால் ஃபாட்டிகேட்டுக்கு ஓரெழுத்துக் குறைவாக வந்து நிற்கும். தளர்வான தேடலில் அதுவும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று: இதே எட்டெழுத்து இலத்தீனிலும் ஒரு முழுச்சொல், ‘களைக்கச் செய்யுங்கள்’ என்ற ஏவல் பன்மை. இத்தாலியத்திலும் எச்சமாக வரும். எனவே தேடலில் வந்த எண்ணிக்கையை எடுக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் திறந்து, வாக்கியம் ஆங்கிலமா என்று கண்ணால் பார்த்த பிறகே சான்றாகக் கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு சொல் நூலில் வாழ்ந்ததா, அகராதிக்குள் மட்டும் வாழ்ந்ததா என்று பிரித்தறிய வேண்டும். 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட முதல் ஆங்கில–ஆங்கில அகராதி ஏறத்தாழ 2,500 கடினச் சொற்களைக் கொண்டது. 1623இல், ‘கோரியலேனஸ்’ முதன்முதலாக அச்சேறிய அதே ஆண்டில், ஹென்றி காக்கெரம் அகராதி வந்தது. அதில் எளிய சொல்லைக் கொடுத்தால் ஆடம்பரச் சொல் தரும் ஒரு பகுதியே உண்டு. இலத்தீன் அகராதியைப் புரட்டி, ஈற்றை மட்டும் ஆங்கிலமாக்கிச் சேர்த்த சொற்கள் இத்தகைய நூல்களில் உண்டு. அவற்றை எந்த எழுத்தாளரும் எழுதியதில்லை. ஓர் அகராதியிலிருந்து இன்னோர் அகராதிக்குத் தாவித் தாவியே நம் ஆங்கிலம்–தமிழ் அகராதிக்கும் வந்துசேரும். கவனம் குறைந்தால் இல்லாத சொல்லே பிறந்துவிடும். 1934 வெப்ஸ்டர் அகராதியில் ‘டார்ட்’ என்று ஒரு சொல், அடர்த்தி என்ற பொருளோடு அச்சானது. ‘டி ஆர் டி’, அதாவது ‘பெரிய டி அல்லது சிறிய டி’ என்று சுருக்கக்குறிக்காக எழுதிய சீட்டு, சொல்லாக வாசிக்கப்பட்டதன் விளைவு. பெரிய நிறுவனத்திலேயே இது நடந்தது.

குறிகளை மூன்றாகப் பிரித்தால் போதும். எவரும் ஆளாதது ‘வழக்கொழிந்தது’. பழமைச் சுவைக்காகவோ சடங்குக்காகவோ இன்னும் ஆளப்படுவது ‘பழைய வழக்கு’. எப்போதுமே குறைவாக வந்தது ‘அருவழக்கு’. ஃபாட்டிகேட் முதல் வகை. பத்திரத்து ‘சிச்சுவேட்’ முதல் வகையன்று, அதற்குச் ‘சட்ட வழக்கு’ என்று துறைக்குறி போட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வழக்கொழிந்த தலைச்சொல்லுக்கு முன்னால் குத்துவாள் போன்ற குறியை இடுகிறது. அச்சில் அதைப் பின்பற்றலாம். செயலியில் வேண்டாம். கைப்பேசித் திரையில் அது கூட்டல் குறி போலத் தெரியும், திரைபடிப்பான் அதை விட்டுவிட்டும் போகலாம். சொல்லாகவே எழுதுங்கள். தரவுத்தளத்தில் குறிக்குத் தனிப் புலம் வையுங்கள். பொருளுக்குள்ளே அடைப்புக்குறியில் எழுதிவிட்டால், பிறர் பட்டியலை எடுத்துப் பயன்படுத்தும்போது முதலில் உதிர்வது அதுதான்.

சொல் வாழ்ந்து பொருள் மட்டும் செத்த இடங்களும் உண்டு. எங்கள் மதிப்பில் மாணவருக்கு அவையே பெரிய கண்ணி. ‘பிரிவென்ட்’ என்றால் இலத்தீனில் முன்னே வருதல். 1611 ஆங்கில விவிலியத்தின் 119ஆம் சங்கீதம் 147ஆம் வசனத்தில் விடியலை ‘பிரிவென்ட்’ செய்தேன் என்றால், விடியலைத் தடுத்தேன் என்பதன்று, விடியுமுன் எழுந்தேன் என்பது. பிலிப்பியர் 1:27இல் வரும் ‘கான்வர்சேஷன்’ உரையாடல் அன்று, நடத்தை. தமிழ் விவிலியத்தைத் திறந்தால் அங்கே அதிகாலையில் எழுவதும், நடந்துகொள்வதும் சரியாகவே இருக்கும். பழைய ஆங்கிலப் பொருளுக்கு இதைவிடக் கைக்கெட்டும் உரைகல் தமிழ்நாட்டில் இல்லை. இத்தகைய சொற்களில் தலைச்சொல்லுக்குக் குறி போடாமல், அந்த ஒரு பொருளுக்கு மட்டும் போடுங்கள்.

தமிழ்ப் பொருள் எழுதும்போது ஓர் ஆசை எழும். பழைய ஆங்கிலத்துக்குப் பழந்தமிழ்ச் சொல்லை வைத்தால் அழகாக இருக்குமே என்று. தயவுசெய்து வேண்டாம். ஒன்று புரியாமல் அகராதியைத் திறந்தவருக்கு இரண்டாவதும் புரியாமல் போகும். பழமையைக் குறி சொல்லட்டும், பொருள் இன்றைய தமிழில் இருக்கட்டும்.

இத்தனையும் சேர்ந்தால் பதிவு நீளும் என்று அஞ்ச வேண்டாம். எங்கள் வரைவு இவ்வளவுதான்:

ஃபாட்டிகேட். வழக்கொழிந்தது. 1. பெயரடை: களைத்த, சோர்ந்த. (“உடலில் ஃபாட்டிகேட் ஆனதை உயிர்ப்பித்தது”: கோரியலேனஸ் 2.2.) 2. வினை, செயப்படுபொருள் குன்றாதது: களைக்கச் செய். இலத்தீன் ஃபதீகாத்துஸ், ஃபதீகாரே வினையின் இறந்தகால எச்சம். இன்று: பெயரடைக்கு வியரி, ஃபட்டீக்ட், வினைக்கு டயர், ஃபட்டீக் (வினை, பொருள் 1). ஒப்பிடுக: இன்டிஃபாட்டிகபிள்.

நாற்பது சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ‘ஐ ஆம் ஃபாட்டிகேட்டட்’ என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண் இழக்கும் பிள்ளையையும் காக்கும், ஷேக்ஸ்பியரை மொழிபெயர்க்கிறவரையும் காக்கும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்தச் சொல்லவில்லை. உங்கள் தரவுத்தளத்தை ஈற்றெழுத்து வரிசையில் அடுக்குங்கள். ‘-ஏட்’ என முடியும் தலைச்சொற்கள் ஒன்றுசேர்ந்து வந்துவிடும். அவற்றுள் அதே அடியில் ‘-இஃபை’ ஈற்றோ வேறு பிரெஞ்சு வடிவமோ இணையாக உள்ளவற்றை முதலில் எடுங்கள். பிறகு, மேற்கோள் ஒன்றுகூட இல்லாதவற்றைப் பாருங்கள். மேற்கோள் தேடியும் கிடைக்காததை நீக்குமுன், அது எந்த அகராதியிலிருந்து வந்தது என்று ஒரு வரி குறித்து வையுங்கள். அடுத்துத் தொகுக்க வருகிறவர் அதே சொல்லை மறுபடி கொண்டுவந்து சேர்க்காமல் இருக்க அந்த வரி வேண்டும்.

அன்புடன்,
சொல்வரலாற்றில் உழைக்கும் சிலர்